பேட்டி எடுத்து நாடகம் எழுதினா அது ஆய்வோ? (ஹார்ட்ப்ளே வாசிச்ச ஆக்கள் இருக்கிறியளோ)

கொக்குவில்_பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். நான் கம்பஸில கடைசி வருசம். ஆய்வுக்கட்டுரை ஒண்டு குடுக்கவேணும், அதோட சேர்த்து எங்கட பெடியள் பெட்டையள் கொஞ்சப்பேர் ஒரு நாடகமும் போடுவம் எண்டு நிக்கிறம்.

விசயம் என்னெண்டா கசாண்ட்ரா ஹார்ட்ப்ளே எண்டு ஒரு மானிடவியலாளர் இருக்கிறா, டொரொண்டோ பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிறவ. அவ ரஷ்யாவில கரேலியாப் பக்கம் பெத்ரொசவோத்ஸ்க் எண்ட நகரத்தில போய் இருந்து, அங்க உடம்பு இயக்கம் குறைஞ்ச ஆக்களோட பழகிப் பேட்டி எடுத்து, அதை வழமையான ஆய்வுப் புத்தகமா மட்டும் எழுதாம நாடகமாவே எழுதியிருக்கிறா. 2020இல புத்தகமா வந்தது. தலைப்பைத் தமிழில சொன்னா 'நான் ஒருநாளும் தனிய இருக்கேல்ல' எண்டு வரும், மற்றப் பெயர் 'ஒபோர்னிக்கி'. உள்ளுக்கு நாடகப் பிரதியும் இருக்கு, அதைப் பற்றின கட்டுரையும் இருக்கு.

நான் இதே முறையில இஞ்ச யாழ்ப்பாணத்தில உடம்பு இயக்கம் குறைஞ்ச நாலு பேரோட கதைச்சு எழுதலாமோ எண்டு கம்பஸில கேட்டா, "தம்பி, நாடகம் போடுறதெண்டா நாடகம் போடும், ஆய்வெண்டா ஆய்வு எழுதும், ரெண்டையும் குழைக்காதையும்" எண்டு சொல்லுகினம். இது ஆய்வுதான் எண்டு நான் என்னெண்டு நிறுவிறது? அதுதான் முதல் கேள்வி.

ரெண்டாவது, எங்களோட படிக்கிற ஒருத்தன் நல்லா நடிப்பான், அவனை வீல்செயாரில இருத்தி நடிக்க வைக்கிறதா யோசிச்சிருக்கிறம். அது பிழையோ? மண்டபம் பாத்தாச்சு, வாசலில றாம்ப் இருக்கு, அதால பாக்க வாற ஆக்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நடிப்பு விசயத்தில மட்டும்தான் எங்களுக்கு டவுட்.

ஸ்காபரோ_சிவா

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்லுறன், மற்றதை ஊரில இருக்கிற ஆக்கள் சொல்லட்டும்.

ஆய்வை மேடையில ஏத்திறது நேற்று முந்தநாள் வந்த கூத்து இல்லை. ஸோரா நீல் ஹர்ஸ்டன் எண்டு அமெரிக்காவில ஒரு கறுப்பினப் பெண், மானிடவியலில பெரிய ஆளான பிரான்ஸ் போவாஸிட்டப் படிச்சவ, தான் தென்பக்கத்து ஊர்களில திரிஞ்சு சேர்த்த பாட்டு, ஆட்டம், வேலைத்தலப் பேச்சு எல்லாத்தையும் 1932இலயே நியூயோர்க்கில மேடையேத்திப் போட்டா. பிறகு மானிடவியலாளர் விக்டர் டேர்னரும் மனிசி எடித்தும் 1982இல எழுதின கட்டுரை ஒண்டு இருக்கு, மாணவர்களைக் கொண்டு சடங்குகளை நடிக்க வைச்சுப் பாத்து, வாசிக்கேக்க பிடிபடாதது நடிக்கேக்க பிடிபடுது எண்டு சொல்லுற கட்டுரை. உம்மட ஆக்களுக்கு இந்த ரெண்டையும் காட்டும், வாயடைச்சுப் போவினம். அதுக்கும் மசியேல்லையெண்டா ஊர்க்கதையைச் சொல்லும். 1985இல சண்முகலிங்கம் மாஸ்ரர் எழுதி சிதம்பரநாதன் நெறிப்படுத்தின 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராப் போகேக்க அதைப் பாத்த சனத்துக்கு அது ஆய்வோ நாடகமோ எண்டு கேக்க நேரமிருக்கேல்ல, தங்கட கதை எண்டுதான் பாத்தவை.

ஆனா ஹார்ட்ப்ளேயை நாடகத்துக்காக மட்டும் வாசிச்சா அரைவாசிதான் கிடைக்கும். 2017இல அவ எழுதின கட்டுரை ஒண்டு, 'நல்ல றாம்ப், கெட்ட றாம்ப்' எண்டு தொடங்கிற தலைப்பு, அதைத் தேடி எடும். ரஷ்ய நகரங்களில படிக்கட்டில ரெண்டு இரும்புத் தண்டவாளத்தை வைச்சு ஒட்டிப்போட்டு றாம்ப் எண்டு சொல்லுவினம், அதில மலை ஏறுறவனும் வீல்செயாரைத் தள்ளேலாது. ரஷ்யனில 'சரி' போடுற அடையாளத்துக்கு கலோச்கா எண்டு பேர், ஒரு வேலையை உருப்படியாச் செய்யாம பேப்பரில சரி போடுறதுக்கு மட்டும் செய்தா 'கலோச்காவுக்காகச் செய்தது' எண்டு சொல்லுவினம். மேல இருந்து ஒரே அளவு, ஒரே சட்டம் வருது, கீழ அதைக் கட்டுறவனுக்கு அதில ஒருத்தர் ஏறப்போறார் எண்ட நினைப்பே இல்லை. றாம்ப் கண்ணுக்கு முன்னால நிக்கும், ஆளால ஏறேலாது. எனக்கு இதை வாசிக்கேக்க மொஸ்கோ ஞாபகம் வரேல்ல, எங்கட கச்சேரி, அரசாங்கக் கந்தோர்ப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

அந்த 'ஒபோர்னிக்கி' எண்ட சொல்லும் வடிவான சொல்லு. ரஷ்யனில ஒபோரா எண்டா தாங்கு, ஊண்டுகோல் மாதிரி. எலும்பு தசை சம்பந்தமான வைத்தியச் சொல்லில அது வரும், அந்த ஆக்கள் அதையே பட்டப்பெயர் மாதிரி தங்களுக்குள்ள எடுத்து வைச்சிருக்கினம். எங்களிட்ட அங்கவீனர், வலுவிழந்தோர், மாற்றுத்திறனாளி, மாற்றுவலுவுள்ளோர், விசேட தேவைக்குட்பட்டோர் எண்டு ஒரு லிஸ்ற் இருக்கு. எல்லாம் ஆரோ ஒபிஸில இருந்து தைச்சுத் தந்த சட்டை. தங்களுக்குள்ள என்ன சொல்லிக் கூப்பிடுகினம் எண்டதை ஒருக்கா கேட்டு எழுதும், அது ஒண்டே ஒரு அத்தியாயம் வரும்.

நல்லூரான்72

கால் நடக்கிற ஆக்களுக்கே றோட் இல்லை, இதுக்குள்ள ரஷ்யாவில றாம்ப் எப்பிடி எண்டு ஆராய்ச்சி. நல்லா இருக்கு.

பூவரசு

நல்லூரான் அண்ணை, 2012 கணக்கெடுப்பில இலங்கையில 5 வயசுக்கு மேற்பட்ட ஆக்களில 8.7 வீதம் பேருக்கு பாக்கிறது, கேக்கிறது, நடக்கிறது எண்டு ஏதோ ஒண்டில கஸ்ரம் எண்டு வந்தது. அதில கனபேர் வயசுபோன ஆக்கள். 72 உங்கட பிறந்த வருசமெண்டா முழங்கால் இப்பவே ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கும், கேட்டுப் பாருங்கோ.

தம்பி, உங்கட பேட்டிக்கு வாறன். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, செயற்கைக் கால்தான் போடுறன். சீலை உடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது, ஈரத் தரையில நடக்கேக்க மட்டும் தெரியும். 2009க்குப் பிறகு எத்தின பேர் வந்து என்ர கதையைக் கேட்டவை எண்டு எனக்கே கணக்கில்லை. றெக்கோடர் வைச்சவை, கமரா வைச்சவை, போம் நிரப்பினவை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "எப்பிடி நடந்தது?" எல்லாரும் அழுகிற இடத்தில றெக்கோடரைக் கொஞ்சம் கிட்டத் தள்ளி வைப்பினம், அது எனக்கு வடிவாத் தெரியும். ஒருத்தரும் "காலமை எழும்பினா முதல் என்ன செய்வீங்கள்" எண்டு கேக்கேல்ல. காலமை எழும்பினா நான் முதல் செய்யிறது, காலை எடுத்து உள்ளுக்கு எறும்பு இருக்கோ எண்டு தட்டிப் பாக்கிறது. அதை ஒருத்தரும் எழுதேல்ல.

அந்த வெள்ளைக்காரப் பிள்ளையின்ர நாடகத்தை நான் வாசிக்கேல்ல, ஆனா நீங்கள் சொல்லுறதைப் பாத்தா ஒரு நன்மை இருக்கு. என்ர கதையை இன்னொருத்தி மேடையில சொன்னா சனம் என்ர முகத்தைப் பாத்து உச்சுக்கொட்டாது. ஒரு கெடுதலும் இருக்கு. பெத்ரொசவோத்ஸ்க் பெரிய நகரமா இருக்கும், இது யாழ்ப்பாணம். நீங்கள் பேரை மாத்தி, ஊரை மாத்தி எழுதினாலும் "அது பூவரசடி வளவு வீட்டுப் பிள்ளையெல்லோ" எண்டு இடைவேளைக்குள்ள கண்டுபிடிச்சிடுவினம். அதால எழுதினதை முதல் அந்த நாலு பேருக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. வெட்டச் சொன்னா வெட்டுங்கோ. பகிடி போடச் சொன்னா பகிடி போடுங்கோ, நாங்கள் எல்லாரும் எந்த நேரமும் அழுதுகொண்டு இருக்கிறேல்ல.

சில்லுக்கதிரை

கொக்குவில் தம்பி, உம்மட பதிவில ஒரு வசனத்தை மூண்டு தரம் வாசிச்சன். "வாசலில றாம்ப் இருக்கு, அதால பாக்க வாற ஆக்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை."

சரி. நடிக்க வாற ஆக்களுக்கு?

மேடைக்கு றாம்ப் இருக்கோ? நான் இந்த ஊரில கன மண்டபத்துக்குப் போயிருக்கிறன், வாசலில றாம்ப் வைச்ச மண்டபம் நாலைஞ்சு இருக்கு, மேடைக்கு றாம்ப் வைச்ச மண்டபம் ஒண்டையும் நான் காணேல்ல. அதின்ர கருத்து என்ன? எங்களைப் போல ஆக்கள் வருவினம், பின்வரிசையில இருந்து கைதட்டுவினம், போவினம். மேல ஏறிக் கதைக்க, ஆட, மாலை போட வருவினம் எண்டு படம் கீறினவருக்கு நினைப்பே வரேல்ல.

ஒருக்கா எனக்கு ஒரு பரிசு. எங்க, ஆர் தந்தது எண்டு எழுதேல்ல, விடுவம். பேர் கூப்பிட்டாச்சு, நான் மேடைக்குக் கீழ வந்து நிக்கிறன். நாலு பெடியள் ஓடிவந்து கேக்காமக் கதிரையோட தூக்கினவங்கள். ஒருத்தன் பிடிச்சது கழருற கைப்பிடியை. அது கழண்டு அவன்ர கையில, நான் ஒரு பக்கம் சரிஞ்சு வேட்டியும் விலகி, அந்த நேரம் பாத்து போட்டோக்காரன் ஒரு பிளாஷ். பிறகு பிரதம விருந்தினர் பேச்சில என்ர தன்னம்பிக்கையைப் பற்றி பத்து நிமிசம் சொன்னார். தன்னம்பிக்கை இல்லை ஐயா, அந்த நேரம் எனக்கு இருந்தது வேட்டி கழண்டிடுமோ எண்ட பயம். அடுத்த வருசமும் கூப்பிட்டவை, பரிசைக் கீழ கொண்டுவந்து தாறம் எண்டு சொன்னவை, நான் போகேல்ல.

உம்மட சிநேகிதன் வீல்செயாரில இருந்து நடிக்கிறது பிழையோ எண்டு கேக்கிறீர். அவன் நல்ல நடிகனா இருப்பான், அது பிரச்சினையில்லை. ஆனா அவன் கதிரையில இருந்தா பாவமா இருப்பான், ரெண்டு கையையும் மடியில வைச்சுக்கொண்டு. நாங்கள் அப்பிடி இருக்கிறேல்ல. உமக்கு ஒண்டு சொல்லுறன். எங்கட வீட்டுப் படலைக்கு மேல்கொளுக்கி, கதிரையில இருந்து எட்டாது. நான் பழைய கொக்கத்தடி ஒண்டை ஒண்டரை முழமா வெட்டி கதிரையின்ர பக்கத்தில சொருகி வைச்சிருக்கிறன். கொளுக்கியைத் தட்டுறது, பான் சுவிச்சைப் போடுறது, கொடியில காயிற சாரத்தை இழுக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழியை வெருட்டுறது எல்லாம் அதாலதான். நல்லூர்த் திருவிழாவில வீதிக்குப் போட்ட மணலில முன்சில்லு புதையும், அதால தண்ணி பவுசர் நனைச்சுக்கொண்டு போனாப் பிறகு, மண் இறுகியிருக்கிற அந்த அரை மணித்தியாலத்துக்குள்ள, அங்கப்பிரதட்சணை செய்யிற ஆக்களுக்குப் பின்னால போட்டு வந்திடுவன். அவை உருளுகினம், நானும் உருளுறன். இதெல்லாம் உம்மட நடிகனுக்குத் தெரியுமோ? தெரியாட்டிப் பழகிறதுக்கு வரச்சொல்லும், ரெண்டு கிழமை என்னோட திரியட்டும். அல்லாட்டி என்னையே கேளும். எனக்கு வசனம் பாடமாக்க வரும், குரலும் இருக்கு.

ஸ்காபரோ_சிவா

சில்லுக்கதிரை அண்ணை, உங்கட கொக்கத்தடிக்கு ஒரு புத்தகமே இருக்கு, பகிடியில்லை. அர்சலி டொகுமாஜி எண்டு துருக்கியில பிறந்த ஆய்வாளர், மொன்றியலில கொன்கோர்டியாவில இருக்கிறா, அவவுக்கும் மூட்டுவாதம். வலியோட சட்டையைக் கழட்டிறது, போத்தல் மூடியைத் திறக்கிறது, அடுப்பில இருந்து பானையை இறக்கிறது மாதிரி சின்னச் சின்ன விசயத்தை வீடியோ எடுத்து 2023இல எழுதினவ. அவ சொல்லுறது என்னெண்டா, உலகம் எங்கட உடம்புக்கு இடம் விடாட்டி இருக்கிறதை வைச்சு ஆக்கள் ஒரு சின்ன உலகத்தை அந்தந்த நேரத்துக்கு ஆக்கிக்கொள்ளுகினம், அது ஒரு ஆற்றுகை (நிகழ்த்திக் காட்டுறது), மேடையில நடக்கிறது மட்டும் ஆற்றுகையில்லை எண்டு. ஹார்ட்ப்ளேயும் 2020இல வேற ஒரு கட்டுரையில, இந்த ஆக்களிட்ட இருக்கிறது குறை இல்லை, ஒரு நிபுணத்துவம் எண்டு எழுதியிருக்கிறா. தம்பி, உம்மட ஆய்வுக்கேள்வியை இவர் மேல எழுதித் தந்திட்டார், ஓடிப்போய்ப் பிடியும்.

மட்டக்கோல்

நான் கட்டடப் படம் கீறுற ஆள், எனக்கு நாடகம் விளங்காது, றாம்ப் விளங்கும்.

முதல் சட்டத்தைச் சொல்லிப்போட்டு வாறன். வலுவிழந்த ஆக்களின்ர உரிமையைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், அதுக்குக் கீழ 2006இல வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள், 2011இல பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவசதி வேணுமெண்டு உயர்நீதிமன்றமும் கட்டளை போட்டது, 2016இல இந்த ஆக்களின்ர உரிமைக்கான ஐநா சமவாயத்தையும் நாடு ஏற்புறுதி செய்தது. பேப்பர் காணாது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. படத்தில றாம்ப் கீறாட்டி அனுமதி கிடைக்காது எண்டு வீட்டுக்காரருக்கும் தெரியும், மேசனுக்கும் தெரியும். கீறுறம். பிறகு கட்டேக்க "உதைக் கொஞ்சம் சின்னனாக்குவம் தம்பி, கார் நிப்பாட்ட இடம் காணாது" எண்டு ஐயா சொல்லுவார். சிவா அண்ணை சொன்ன அந்த ரஷ்யச் 'சரி' அடையாளம் எங்கட பென்சிலிலயும் இருக்குது.

கணக்கு லேசு. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மழைவெள்ளத்துக்குப் பயந்து நாங்கள் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுறம், வாசலில 6 இஞ்சிப் படி மூண்டு எண்டா 18 இஞ்சி, அதுக்கு 18 அடி றாம்ப் வேணும். மேல கதவுக்கு முன்னால கதிரை நிண்டு திரும்ப 5 அடிச் சமதரை வேணும், இல்லாட்டி கதவைத் திறக்கேக்க கதிரை பின்னால உருளும். மினுங்கிற டைல் போடக்கூடாது, மாரியில சறுக்கும். பக்கத்தில 2 இஞ்சிக் கட்டு வேணும், சில்லு வெளியால போகாமலிருக்க. இவ்வளவுதான், இதில ஒரு பெரிய எஞ்சினியரிங் இல்லை.

தம்பி, ஒரு அளவுநாடாவைக் கொண்டுபோய் அந்த மண்டபத்தின்ர வாசல் றாம்பையும் மேடை உயரத்தையும் அளந்து இஞ்ச போடும். சும்மா கண்ணால பாத்திட்டு இருக்கு எண்டு சொல்லாதையும்.

கைதடிஅக்கா

இடையில வாறதுக்கு மன்னியுங்கோ. காது கேளாத பிள்ளையளோட வேலை செய்யிறனான். றாம்பைப் பற்றி எல்லாரும் கதைக்கிறியள், சைகை மொழி செய்யிற ஆளை எங்க நிப்பாட்டுறதெண்டு யோசிச்சனீங்களோ? வழமையா மேடைக்கு ஒரு ஓரத்தில இருட்டுக்குள்ள நிப்பாட்டுவினம், வெளிச்சம் முழுக்க நடிகருக்கு. பிள்ளையள் கையைப் பாக்கிறதோ நடிப்பைப் பாக்கிறதோ எண்டு டெனிஸ் பாக்கிற மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்குங்கள். ஆளை நடிகருக்குப் பக்கத்தில கொண்டுவந்து கதைக்குள்ளயே ஒரு பாத்திரமா விடுங்கோ. ஆள் வேணுமெண்டா நான் வாறன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருவன், அப்பதான் கை தெரியும், பின்னால கறுப்புத் திரை போட்டிடாதேங்கோ.

கொக்குவில்_பெடியன்

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் நானும் நடிக்க இருந்தவனும் அளவுநாடாவோட போனனாங்கள்.

வாசல் உயரம் 21 இஞ்சி. றாம்ப் நீளம் 6 அடி 6 இஞ்சி. மோட்டசைக்கிள் ஏத்தக்கூடாதெண்டு குறுக்கால ஒரு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு, திறப்பு வோச்சரிட்ட, வோச்சர் ரீ குடிக்கப் போட்டார். றாம்ப் முடியிற இடத்தில வாய்க்கால், அதின்ர மூடி ஒண்டு இல்லை. நான் அந்த மண்டபத்துக்கு நாலு வருசமாப் போறன், இந்த மூடி இல்லாததை நேற்றுத்தான் கண்டனான்.

மேடை 3 அடி 4 இஞ்சி. ஒரு பக்கம் மட்டும் படி, ரெண்டடி அகலம்கூட இல்லை. சில்லுக்கதிரை அண்ணை, என்ர முதல் பதிவை அழிப்பம் எண்டு யோசிச்சன், பிறகு இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

நடிக்க இருந்தவன் தன்னை நிப்பாட்டச் சொல்லிப்போட்டான். கோவத்தில இல்லை. சங்கிலியைப் பாத்திட்டு "மச்சான் நான் சில்லுக்கதிரை அண்ணையைத் தள்ளுற ஆளா நடிக்கிறன், இல்லாட்டி வோச்சரா நடிக்கிறன்" எண்டான். வோச்சர் பாத்திரம் நல்லா வரும் எண்டு எனக்கும் படுது.

மட்டக்கோல்

21 இஞ்சிக்கு 21 அடி வேணும், இருக்கிறது ஆறரை. உது றாம்ப் இல்லை, சறுக்குப் பலகை.

மேடைக்கு 40 இஞ்சி எண்டா 40 அடி றாம்ப், நடுவில 5 அடி இளைப்பாற, மொத்தம் 45. மண்டபத்தின்ர நீளத்தில முக்கால்வாசியை அதுவே தின்னும். தற்காலிகமாப் பலகையில அடிச்சாலும் செலவு உங்களைப் போல பெடியளுக்குக் கட்டாது. சரிவைக் கூட்டி நாலு பேர் பிடிச்சுத் தள்ளலாம் எண்டு சொல்லாதேங்கோ, அது திரும்பவும் அந்த வேட்டிக் கதைதான்.

பூவரசு

ஏன் மேடையில ஏறவேணும்? வன்னியில நாங்கள் சின்னனில கூத்துப் பாத்தது வட்டக்களரியில, ஆடுறவை நடுவில, சனம் சுத்திவர நிலத்தில. ஆரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இந்தப் படச்சட்ட மேடையைப் பள்ளிக்கூடத்துக்கும் மண்டபத்துக்கும் கொண்டுவந்தாப் பிறகுதானே படி வந்தது. கதிரைகளை ஒதுக்கிப்போட்டு தரையில போடுங்கோ. மண்டபம்கூட வேண்டாம். ஒரு முத்தம் காணும், நல்லா மெழுகி இறுக்கின முத்தமா இருந்தா சில்லும் ஓடும், என்ர காலும் சறுக்காது.

கைதடிஅக்கா

பூவரசு சொல்லுறது நல்லம், ஆனா சுத்திவரச் சனம் இருந்தா என்ர முதுகுப் பக்கம் இருக்கிற பிள்ளைக்குக் கை தெரியாது. முக்கால் வட்டமா வையுங்கோ. ஒரு பக்கத்தை விட்டா அந்தப் பக்கம் நான் நிக்கலாம்.

சில்லுக்கதிரை

முத்தம் எங்கட வீட்டில இருக்கு. மாமரத்துக்குக் கீழ, 30 அடிக்கு 25 அடி வரும், ஒரு 60 பேர் இருக்கலாம். ஒழுங்கையால வரேக்க மதவடியில ஒரு பள்ளம், அதுக்குப் பலகை போடவேணும். மட்டக்கோல் தம்பி, உம்மட கணக்கை அதுக்குப் பாவியும்.

வசனத்தை அனுப்புங்கோ. என்ர பாத்திரத்தில தன்னம்பிக்கை எண்ட சொல்லு வந்தா வெட்டிப்போடுவன், இப்பவே சொல்லிப்போட்டன். படலைக் காட்சியை முதல் வையும், கொக்கத்தடி என்ர சொந்தத் தடி, வேற தடி தரவேண்டாம்.

மட்டக்கோல்

பள்ளம் எவ்வளவு ஆழம் அண்ணை? 5 இஞ்சிக்கு உள்ள எண்டா என்னிட்ட கிடக்கிற சட்டரிங் பலகை காணும். சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவாறன், பகலில வெயில் ஏலாது.

நல்லூரான்72

எத்தினை மணிக்கு நாடகம்? கதிரை போடுவியளோ, எனக்கு நிலத்தில இருந்தா எழும்ப ஏலாது.